சாய்மனைச் சைக்கிளுக்கு ஒரு கொடி

1

தன் காலின் மேல் தானே வண்டி ஏற்றிக்கொண்ட மனிதர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் அவர்களில் ஒருவன். ஏற்றியது சைக்கிளை. ஏற்றிய இடம் தேற்றாத்தீவுச் சந்தி, பள்ளிக்கூடம் விட்ட நேரம். வீதியில் பாதுகாப்பாகச் சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று என் தங்கையின் கணவருக்கு அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இது சாதாரணச் சைக்கிள் அல்ல. முன்னுக்கு இரண்டு சில்லு, பின்னுக்கு ஒன்று. நடுவில் சாய்மனைக் கதிரை போல ஓர் இருக்கை, தரையிலிருந்து ஒரு முழம்கூட இராது. அதில் சாய்ந்து கிடந்து, காலை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். விழவே முடியாத வண்டி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் ஓடும்போது மிதியிலிருந்து கால் நழுவித் தரையில் பட்டால் கால் நின்றுவிடும், வண்டி நிற்காது. முன்சில்லுகளைச் சேர்க்கும் குறுக்குக் கம்பி வந்து கெண்டைக்காலை மடக்கிக்கொண்டு மேலே ஏறும். அதனால் பாதத்தை மிதியோடு வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். "காலைக் கட்டாம இதில ஏறவே கூடாது மச்சான்" என்று சொல்லிக்கொண்டே நான் கட்டாமல் ஏறினேன்.

வெள்ளைச் சீருடையில் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதில் ஒன்று, "அங்கிள், தூக்கி விடட்டா?" என்று மரியாதையாகக் கேட்டது. மதில் ஓரமாகத் தடியோடு நின்ற பெனடிக்ற் மச்சான் மட்டும் சிரிப்பை மறைக்கவில்லை.

"முதலாம் பாடம் விளங்கிற்று மச்சான். ரெண்டாம் பாடம் ஆஸ்பத்திரியிலயா?"

இதுவரை சிரிக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெனடிக்ற் மச்சானுக்கு முதலாம் ஆண்டுப் பூசை. அந்தச் சைக்கிளில் போகும்போதுதான் அவர் இறந்தார். அதை அவருக்குக் கொடுத்தவன் நான்.

2

நான் இருப்பது ஒல்லாந்தில், அதாவது நெதர்லாந்தில். புளியந்தீவில் கோட்டையைக் கட்டிவிட்டுப் போனவர்களின் நாட்டில் போய் அகதியாக விழுந்ததில் ஒரு நியாயம் இருப்பதாக அந்தக் காலத்தில் சொல்லித் திரிந்தேன். அவர்கள் கேட்டுச் சிரிக்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு மட்டக்களப்பில் தங்கள் கோட்டை இருப்பதே தெரியாது.

இங்கே நான் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். பிறகு பெட்டி அடுக்குகிறவர்களை மேற்பார்த்தேன். இரண்டிலும் முதுகு போயிற்று. வைத்தியரிடம் போய் முதுகு வலிக்கிறது என்று அவர்கள் மொழியில் சொல்லப் போனவன், முதுகு உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். என்னை அசைய வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு அம்புலன்ஸ் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நடந்து காட்டிய பிறகுதான் நம்பினார்கள். அதன் முடிவில் கிடைத்த ஆலோசனைதான் இந்தச் சாய்ந்து ஓட்டும் சைக்கிள்.

காலையில் வாய்க்கால் ஓரமாக, சைக்கிளுக்கென்றே போட்ட சிவப்புப் பாதையில் போகிறேன். பென்னாம்பெரிய லொறிகள் என்னைக் கண்டு நின்று வழிவிடுகின்றன. கருணையால் அல்ல, சட்டத்துக்குப் பயந்து. இதற்கு நான் பழகிவிட்டேன். பயந்து நிற்கிற லொறிதான் லொறியின் இயல்பு என்று நினைக்கும் அளவுக்குப் பழகிவிட்டேன்.

மகள் சோபிக்கு இந்த வண்டியால் வெட்கம். இங்கே பிறந்தவள். கூட வந்தால் ஐம்பது மீற்றர் பின்தங்கி, யாரோ போல வருவாள். "அப்பா ரோட்டுல பீச்சில மாதிரிப் படுக்குது" என்று ஒருநாள் சொன்னாள். அவளுடைய தமிழில் எல்லா மனிதர்களும் அஃறிணை. திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

3

பெனடிக்ற் மச்சானுக்குக் களுவாஞ்சிகுடியில் ஒரு சின்னக் கொப்பிக் கடை இருந்தது. பள்ளிக் கொப்பி, பேனை, போட்டோப் பிரதி. தேற்றாத்தீவிலிருந்து களுதாவளை தாண்டிக் கல்முனை வீதியால் சைக்கிளில் போய் வருவார். சண்டைக் காலத்தில் வீதியை மூடிய நாட்களில் மட்டும் போகவில்லை.

பிறகு தலைக்குள் ஒரு சின்ன இரத்தக் கட்டு. உயிர் தப்பிற்று, பேச்சும் தப்பிற்று, காலில் பலமும் இருந்தது. சமநிலை மட்டும் போய்விட்டது. நடக்கத் தடி வேண்டும், இரண்டு சில்லில் ஏறினால் சரிவார். பஸ்காரர்கள் அவர் ஏறி முடியும்வரை நிற்பதில்லை. தங்கை றீற்றா ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கடையில் விட்டாள். அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம். கொஞ்ச நாளில் அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடையை ஒரு பெடிச்சியிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தார்.

ஒருநாள் போனில் சொன்னார்: "இஞ்ச இருந்து இருந்து எனக்குக் கதிரையில ஆணியடிச்ச மாதிரிப் போச்சு மச்சான். வாறவனெல்லாம் சுகமாண்டு கேக்கிறான். சுகமா இருக்கிற மனிசனிட்ட ஆரும் அப்பிடிக் கேக்கமாட்டான்."

அந்த முறை விடுமுறைக்குப் போகும்போது இரண்டாம் கையாக இன்னொரு சாய்ந்த சைக்கிள் வாங்கிக் கப்பலில் போட்டேன். மூன்று சில்லு, சமநிலை தேவையில்லை. கொழும்பில் சுங்க அதிகாரிக்கு அதை எதில் சேர்ப்பதென்று தெரியவில்லை. ஊனமுற்றோர் வண்டியா, தேகப்பயிற்சிச் சாமானா, வீட்டுத் தளபாடமா? அவர் சிங்களத்தில் கேட்டார். நான் சிங்களத்தைத் தேடினேன். மூளைக்குள் போன கை டச்சோடு திரும்பி வந்தது. அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கடைசியில் தானே ஏறிக் கிடந்து பார்த்து, இன்னொருவரைக் கொண்டு படம் எடுப்பித்து, சைக்கிள் என்றே எழுதி விட்டார்.

தேற்றாத்தீவில் அதற்கு ஒரு நாளில் பெயர் வைத்துவிட்டார்கள்: சாய்மனைச் சைக்கிள்.

4

இரண்டு கிழமை பாடம் நடத்தினேன். சொன்னவற்றை இங்கேயும் எழுதுகிறேன். அவை பிழையென்று யாரும் இன்றுவரை சொல்லவில்லை.

வீதிக் கரையோரமாக ஒதுங்காதே. ஒதுங்கினால் உன்னை வீதியின் பகுதியாக எண்ண மாட்டார்கள், குப்பையோடு சேர்த்துவிடுவார்கள். உன் பக்கத்து வீதியில் உனக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டு போ. பின்னால் வருபவன் ஹோர்ன் அடிக்கட்டும். அடிக்கிறான் என்றால் கண்டுவிட்டான். பட்டப்பகலிலும் லைற் எரியட்டும். ஒழுங்கையிலிருந்து பெரிய வீதியில் ஏறும்போது கவனம். சாதாரணச் சைக்கிளில் முதலில் கண் போகும், பிறகு கால் போகும். இதில் கால் முதலில் போய் வீதிக்குள் நிற்கும், கண் மூன்று அடி பின்னுக்கு இருக்கும். லொறிக்குப் பக்கத்தில் ஒருபோதும் சமாந்தரமாகப் போகாதே. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நீ இல்லை.

கண்ணாடி விசயத்தில் நான் அவமானப்பட்டேன். ஒல்லாந்தில் வலப்பக்கம் ஓடுகிறோம், அதனால் வண்டிக்குப் பின்பார்க்கும் கண்ணாடி இடப்பக்கம். மட்டக்களப்பில் அது எதிர்மாறு. மூன்று நாளாக மச்சான் கண்ணாடியில் மதில்களையும் முருங்கை மரங்களையும் கவனமாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"மச்சான், இதில ஆடுமாடெல்லாம் வடிவாத் தெரியுது. பஸ்ஸைப் பாக்க வேற கண்ணாடி இருக்கா?"

கழற்றி மற்றப் பக்கம் பூட்டினேன்.

கடைசியாகக் கொடி. இருக்கைக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மெல்லிய கம்பு, அதன் நுனியில் முக்கோணத் துணி, கண்ணைக் குத்தும் செம்மஞ்சள். ஆள் தெரியாவிட்டாலும் கொடி தெரியும். லொறிக்காரனின் கண்ணாடி உயரத்துக்கு எட்டுகிற ஒரே பொருள் அதுதான். "தலையை மறந்தாலும் கொடியை மறக்காதீங்க" என்றேன். எனக்கு வசனம் பேசப் பிடிக்கும்.

நான் ஒல்லாந்து திரும்பினேன், மச்சான் கடைக்குப் போகத் தொடங்கினார். முதல் நாள் களுவாஞ்சிகுடியில் கடை திறந்துவிட்டுப் போன் எடுத்தார். ஒன்றும் பேசவில்லை. யாரோ ஒரு பிள்ளை நாற்பது பக்கக் கொப்பி கேட்பதும், இவர் எடுத்துக் கொடுப்பதும் எனக்குக் கேட்டது. அதைக் கேட்கப் பண்ணத்தான் எடுத்திருக்கிறார்.

5

மட்டக்களப்பு வெயிலை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒல்லாந்துத் துணி ஒல்லாந்து வெயிலுக்குச் சாயம் போட்டது. சில மாதத்தில் செம்மஞ்சள் மஞ்சளாகி, பிறகு வெளுத்தே போனது. றீற்றா போன் எடுத்தாள்.

"அண்ணா, இந்தக் கொடி வெள்ளையாப் போச்சு."

"அதுக்கென்ன, தெரியும்தானே."

"தெரியிறதுதான் பிரச்சினை. நேத்து களுதாவளையில ஒரு மனிசன் சைக்கிளால இறங்கித் தொப்பியக் கழட்டிற்று நிண்டிருக்கார். இவர் படுத்துக் கிடந்து போறார், மேல வெள்ளைக் கொடி. ஆரு என்னத்த நினைக்கிற? பிரேதம் போகுதெண்டுதானே?"

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வெள்ளைக் கொடி கட்டுவார்கள் என்பதை இங்கிருந்து வாசிக்கும் இளம்பிள்ளைகளுக்காகச் சொல்லி வைக்கிறேன். வீதி நெடுகக் கட்டுவார்கள்.

அவள் கழற்றிவிட்டு வேறு நிறம் போட்டாள். அதற்குப் பிறகு நடந்தவற்றை மச்சான் கிழமைக்கொன்றாகப் போனில் சொன்னார். சிவப்புக் கட்டினால் எந்தத் தொழிற்சங்கம் என்று கேட்டார்கள். மஞ்சள் கட்டினால் கோயில் கொடியேற்றத்துக்குப் போகிறார் என்று நினைத்து ஒரு பெண் நிற்பாட்டித் திருநீறு கேட்டாள். இவர் கத்தோலிக்கர். பச்சைக்கு, கடைக்குச் சாமான் போடுகிற காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி, "என்ன பெனடிக்ற், கந்தூரிக்கா வெளிக்கிட்ட?" என்றார். அது தேர்தல் நேரமும். அதே பச்சைக்கு ஒரு கட்சிக்காரர் கும்பிட்டார், இன்னொரு கட்சிக்காரர் கொப்பி வாங்குவதை நிறுத்தினார். நீலத்துக்கு இதுவே மறுபக்கமாக நடந்தது. ஊதா கட்டிய அன்று பாதர் வழியில் கண்டு, தவக்காலம் முடிந்துவிட்டதே என்று ஞாபகப்படுத்தினார். கடைசியில் பழைய சாரனில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினார். கட்டம் போட்ட துணி, அதற்கு யாரும் உரிமை கோர முடியாது. "கொடியில காயப்போட இடமில்லையா சேர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

"இந்த ரோட்டில ஆருக்கும் எழுதிக் குடுக்காத கலர் ஒண்டும் மிஞ்சல்ல மச்சான்" என்றார். "நீங்க அனுப்பின அந்தச் செம்மஞ்சளையே அனுப்புங்க. அது ஒல்லாந்துக்காரன் கலரெண்டு சொல்லிச் சமாளிக்கலாம். அவன்ட கோட்டை கிடக்கிறதுதானே."

அன்றைக்கே இரண்டு கொடி வாங்கினேன். கூடவே சொக்லேட், றீற்றாவுக்கு ஒரு சால்வை. பொதி செய்து மச்சான் பேருக்குத் தபாலில் போட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று படிவத்தில் எழுத வேண்டும். எழுதினேன்: கொடி, இரண்டு.

ஐரோப்பாவிலிருந்து ஒரு தமிழன் மட்டக்களப்புக்குப் பொதி அனுப்புகிறான். வெளியில், தன் கையெழுத்தில், கொடி என்று எழுதுகிறான். என்ன கொடி என்று எழுதவில்லை. எந்தக் காரணத்துக்காக நான் அந்த ஊரைவிட்டு ஓடி வந்தேனோ அந்தக் காரணத்தையே மறந்துவிட்டவன்தான் அப்படி எழுதுவான். இருபத்தைந்து வருசம் ஒழுங்கான நாட்டில் இருந்தால் படிவத்தில் உண்மையை எழுதுகிற பழக்கம் வந்துவிடுகிறது.

சுங்கத்தில் பொதியை மறித்து வைத்தார்கள். விளக்கம் கேட்டுக் கூப்பிட்டார்கள், மச்சானுக்குப் பதிலாக றீற்றா போனாள். போய் வந்து சொன்னாள்.

"எந்தக் கொடி எண்டு அதிகாரி கேட்டார். சைக்கிள் கொடி சேர் எண்டன். சைக்கிள் ஒரு கட்சிச் சின்னமல்லவா எண்டார்."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ற? படுத்து ஓடுற சைக்கிள் எண்டன். அவர் பேனையை வெச்சிற்றார். நல்ல மனிசன் அண்ணா, தேத்தண்ணியும் தந்தவர். பேருக்குரியவர் அடையாள அட்டையோட நேர வந்து விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம். வாற திங்கள் இவரைக் கூட்டிற்றுப் போறன்."

"அதுவரைக்கும் சாரன் துண்டையாவது கட்டச் சொல்லு."

"சொல்லிப் பாத்தன். பெடியங்க நக்கலடிக்கிறாங்கண்டு கழட்டி வெச்சிற்றார். அந்த மனிசனுக்கு இப்பதான் சேர் எண்டு கூப்பிட ஆள் வருது. விடுங்க அண்ணா. ஒரு நாலு நாள்தானே."

6

வெள்ளிக்கிழமை. செங்கல் ஏற்றிய லொறி ஒன்று களுதாவளைப் பக்கம் அவரை முந்திக்கொண்டு போய், உடனே இடப்பக்க ஒழுங்கைக்குள் கிறுகித் திரும்பிற்று. ஓட்டியவன் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெடியன். மச்சான் பிறேக் பிடித்திருக்கிறார். மணியும் அடித்திருக்கிறார். வீதியோரக் கடைக்காரர் கேட்டிருக்கிறார். லொறியின் பின்சில்லு அவ்வளவு நேரம் கொடுக்கவில்லை. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில் முடிந்துவிட்டது.

அந்தப் பெடியன் பொலிசில் சொன்னது ஒரே வசனம்: "ரோட்டு வெறுமையாக் கிடந்தது." அவன் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் வெறுமையாகத்தான் கிடந்திருக்கும். கொடி இருந்திருந்தால் கண்டிருப்பானா? இந்தக் கேள்வியோடு நான் எத்தனையோ தரம் லொறியில் ஏறி இருந்து பார்த்துவிட்டேன். எங்கள் களஞ்சியத்து லொறியில், உண்மையாகவே, சாரதியிடம் அனுமதி கேட்டு ஏறி, ஒருவனை என் சைக்கிளில் பக்கத்தில் வரச் சொல்லிப் பார்த்தேன். சில இடத்தில் கொடி தெரிகிறது, சில இடத்தில் தெரியவில்லை.

நான் போகவில்லை. எங்கள் கந்தோரில் லீவுப் படிவத்தில் இறந்தவர் உமக்கு என்ன உறவு என்ற இடத்தில் மச்சானுக்குக் கட்டம் இல்லை. மற்றவை என்ற கட்டத்தில் கோடு போட்டேன். மற்றவைக்கு ஒரு நாள். ஒரு நாளில் மட்டக்களப்புக்குப் போக முடியாது.

அடக்கத்தைப் போனில் பார்த்தோம், நானும் சோபியும். யாரோ ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். படம் ஆடிற்று. வீட்டிலிருந்து சேமக்காலைக்குப் போகிற வீதி முழுக்க, கம்பத்துக்குக் கம்பம், கயிற்றில் வெள்ளைக் கொடி. காற்றுக்கு எல்லாம் ஒரே பக்கமாக அடித்தன. எதிரே வந்த லொறிகள், பஸ்கள் எல்லாம் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து ஓரமாக நின்றன. யாருக்கும் விளக்கம் எழுதிக் கொடுக்கத் தேவைப்படவில்லை.

சோபி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்பா, மாமா சைக்கிள்ல கொடி இல்லை சொன்னது. இப்ப ஏன் இவ்வளவு கொடி?"

போனை மற்றப் பக்கம் சாய்த்து வைத்தேன்.

பொதி பிறகு வந்தது. பேருக்குரியவர் இறந்துவிட்டார் என்று தெரிந்ததும் விளக்கம் கேட்கவில்லை. சொக்லேட் உருகியிருந்ததாம்.

7

இந்த ஒரு வருசமும் நான் அந்தச் சாய்ந்த சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். விற்றுவிடலாம் என்று பார்த்தேன், முதுகு விடவில்லை. சோபி இப்போது பின்தங்கி வருவதில்லை. எனக்கும் வீதிக்கும் நடுவில், தன் உயரமான சைக்கிளில், கூடவே வருகிறாள். ஏன் என்று கேட்கவும் சொல்லவும் எங்களுக்குள் போதுமான மொழி இல்லை.

போன கிழமை ஆண்டுப் பூசை விசயமாக றீற்றாவோடு கதைத்தேன். இப்படி ஒன்று எழுதப் போகிறேன் என்றேன். ஒரு வருசமாகத் தொண்டையில் வைத்திருந்ததையும் சொன்னேன். வண்டியைக் கொடுத்தவன் நான், பாடம் சொன்னவன் நான், வெயிலில் வெளுக்கிற துணியைக் கட்டியவன் நான், படிவத்தில் கொடி என்று எழுதியவனும் நான். நான் பேசாமல் இருந்திருந்தால் அவர் இன்றைக்கும் வீட்டில் இருந்திருப்பார். கொஞ்சம் அழுதேன் என்றும் நினைக்கிறேன். கொஞ்சம் நன்றாகவே பேசினேன் என்றும் நினைக்கிறேன்.

அவள் கடைசிவரை கேட்டாள். அந்தப் பக்கம் தட்டு முட்டுச் சத்தம்.

"முடிஞ்சுதா அண்ணா?"

"ம்."

"வீட்டில இருந்திருப்பார்தான். அவர் அத வேணாமெண்டுதானே வெளிக்கிட்டவர். சைக்கிள் ஓடின அந்த எட்டு மாசமும் விடியக் கடைக்குப் போகச் சேட்டு அயன் பண்ணித் தாண்டு கேட்ட மனிசன் அவர். செத்தது அவர், அண்ணா. அதிலயும் நீங்கதான் முன்னுக்கு வந்து நிக்கணுமா? சரி, வைக்கட்டா, பூசைக்கு வாற சனத்துக்குச் சாப்பாட்டுக்குச் சொல்லணும்."